மழைக்காலமும் வீட்டுப் பூசணமும்
(நம் சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் சுவரில் ஏறும் ஓதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். புன்னகை புரிவோர் ஜூலை மாதத்தில் தங்கள் பீரோவைச் சற்றே திறந்து பார்க்கட்டும்!

சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. இந்த மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கின்றது. மழையைவிட, வெயில் முகம் காணாமையே பெருந்தொல்லை. ஊரில் முற்றத்தில் துணி உலர்த்திய நாம், இங்கே இரண்டு அறைகளுக்குள் கொடி கட்டுகின்றோம். பிழிந்த துணியில் எஞ்சிய ஈரமெல்லாம் எங்கே போகும்? சுவருக்கும் மெத்தைக்கும் புத்தகத்துக்குமே போகும்.

பூசணத்தின் நுண்விதைகள் எவ்வளவு துப்புரவான வீட்டிலும் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். அவை முளைக்க ஈரம் வேண்டும். நனைந்த பொருளை ஒன்றிரண்டு நாட்களுக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் முளைப்பதில்லை. ஆதலால், கறுத்த சுவரைக் கண்டு வீட்டுப் பெண்ணின் துப்புரவைக் குறைகூறும் விருந்தாளி, விஷயம் அறியாமற் பேசுகின்றார்.

தீபாவளிக்கு வர்ணம் பூசி மறைத்துவிடலாம் என்பது நம் ஆடவர்களின் திட்டம். நீர் வரும் வழி அடைபடாதவரை அது வீண் செலவு. முதலில் வழியைக் கண்டறிய வேண்டும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அறைப் பக்கத்தில் நீர் அரும்பினால் ஈரம் நம் சமையலிலும் துணியிலும் இருந்து வருவது. சன்னலைத் திறப்பதும், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும் பயன்தரும். தாளுக்கும் சுவருக்கும் இடையே அரும்பினாலோ, ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகின்றது.

அங்கேதான் மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் மனத்தாங்கல் தொடங்குகின்றது. பல ஆண்டு நட்பு ஒரு குளியலறைக் குழாயால் முறிந்ததை நம் காலனியிலேயே கண்டோம். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி உபவிதிகள் இதில் தெளிவானவை: மொட்டைமாடி வழி இறங்கும் மழைக்கசிவைச் சீர்செய்வது சங்கச் செலவு, குளியலறை, கழிவறைக் கசிவு அவ்வீட்டார் செலவு. இதை ஏப்ரலிலேயே எழுத்து மூலம் கேளுங்கள். மழை தொடங்கியபின் எந்தக் கொத்தனாரும் மொட்டைமாடியில் ஒன்றும் செய்ய இயலாது.

துடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் துகள் வீடெங்கும் பரவும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்பு நீரால் நனைத்துத் தேய்த்து உலரவிடுங்கள். பூசணம் செத்த பின்னும் அதன் துகள் மூச்சை உறுத்தும். ஆஸ்துமா உள்ள குழந்தையை அப்பொழுது வேறிடம் அனுப்புங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிடையும் ஒருபோதும் கலவாதீர்கள், எழுவது நச்சுப்புகை.

உணவைப் பற்றி ஒரு சொல். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு ஈரல் கெட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த நஞ்சு சாதாரணச் சமையலில் அழிவதில்லை. பூசணம் பூத்த நிலக்கடலையைப் புடைத்து, வறுத்துச் சட்னி அரைக்கும் சிக்கனம் நமக்கு வேண்டாம்.

பட்டுப்புடவைகளுக்கிடையே அந்துருண்டை போடுகின்றோம். அது பூச்சியை விரட்டுமேயன்றிப் பூசணத்தைத் தடுக்காது. வெயில் கண்ட நாளில் புடவைகளை நிழலிற் காற்றாட விரித்து மடிப்பை மாற்றுவதே வழி. நவராத்திரி நெருங்குகின்றது, பரணிலிருந்து கொலுப்பெட்டிகள் இறங்கும். காகிதக்கூழ் பொம்மைகளைச் சுற்றிய பழைய செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதை எறிந்துவிட்டு, கொலு முடிந்து அக்டோபர் வெயிலில் பெட்டியை நன்கு காயவைத்த பிறகு, பொம்மைகளை உலர்ந்த பருத்தித் துணியிற் சுற்றி வையுங்கள்.