பணம் வந்த ஊரும் வளம் வந்த ஊரும்



பொருளியல் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. ஆகவே பொருளியல் கேள்வி ஒன்றையே எடுத்துக்கொண்டேன். மென்பொருள் தொழில் கொண்டுவரும் பணம் ஒரு நகரத்தை வளமாக்குகிறதா? நகரம் களைகட்டுவதும் அந்தப் பணத்தால்தானா? பக்கத்தில் இருக்கும் பெங்களூரை வைத்தே இதைப் பார்ப்போம்.

1. முந்தி வந்தது எது?

இந்திய அறிவியல் கழகம் பெங்களூருக்கு 1909இல் வந்தது. எச்.ஏ.எல். 1940இலும், ஐ.டி.ஐ. 1948இலும், எச்.எம்.டி. 1953இலும், பி.இ.எல். 1954இலும் தொடங்கின. இந்தப் பொதுத்துறை ஆலைகள் வேலையோடு குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாவற்றையும் கூட்டிவந்தன. இன்ஃபோசிஸ் 1983இல் புனேயிலிருந்து இடம் மாறியபோதும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் வந்தபோதும், பொறியாளர்கள் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.

ஊர் களைகட்டியதும் அப்படித்தான். கோஷீஸ் உணவகத்தில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவது, நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஓட்டல்கள், எண்பதுகளின் பிற்பாதியில் பிரிகேட் ரோடு பக்கம் பெருகிய பப்கள் என எல்லாமே ஐ.டி. பணத்துக்கு மூத்தவை. சான்பிரான்சிஸ்கோவிலும் வரிசை இதுதான். சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை திறந்தது 1953இல். ஹெய்ட்-ஆஷ்பரியில் ஹிப்பிகள் குவிந்தது 1967இல். கவிஞர்களும் பாடகர்களும் குறைந்த வாடகையில் வாழ்ந்து அந்த ஊருக்குச் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. வேலை சிலிக்கான் பள்ளத்தாக்கின் புறநகர்களில் இருந்தாலும், குடியிருக்க அந்த நகரமே வேண்டும் என்று மென்பொருள் இளைஞர்கள் பின்னால் வந்தார்கள். வாடகை ஏறியது. 2013இன் இறுதியில் கூகுள் ஊழியர்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகளை அந்த ஊர்க்காரர்கள் மறித்து நின்றார்கள்.

2. சம்பளம் எங்கே போகிறது?

பணம் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. உயர்தொழில்நுட்ப வேலை ஒன்று உள்ளூரில் வேறு ஐந்து வேலைகளை உண்டாக்குகிறது என்பது பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டி அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2012இல் எழுதிய நூலின் கணிப்பு. பெங்களூரில் அதை எண்ணிப் பார்க்கப் புத்தகம் தேவையில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து அங்கே கட்டட வேலைக்குப் போனவர்களைக் கேட்டால் போதும். 1991இல் ஏறத்தாழ 41 லட்சமாக இருந்த பெங்களூரின் மக்கள்தொகை 2011இல் 85 லட்சத்தைத் தொட்டது.

ஆனால் அத்தனை பேருக்கும் தண்ணீரும் சாலையும் கொடுக்க வேண்டிய மாநகராட்சியின் கையில் என்ன இருக்கிறது? வருமான வரி ஒன்றிய அரசுக்குப் போகிறது. ஜி.எஸ்.டி.யை ஒன்றியமும் மாநிலமும் பிரித்துக்கொள்கின்றன. தொழில் வரி ஆண்டுக்கு ரூ.2,500ஐத் தாண்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு. அந்த உச்சவரம்பு 1988இல் வைத்தது. ஆண்டுக்கு 40 லட்சம் வாங்கும் பொறியாளரும் 4 லட்சம் வாங்கும் கணக்கரும் ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள். கர்நாடகத்தில் அதுவும் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. மாநகராட்சிக்குச் சொந்த வருவாய் என்று முக்கியமாக மிஞ்சுவது சொத்து வரிதான். பணம் நகரத்துக்குள் வருகிறது. நகரத்தின் கைக்கு வருவதில்லை.

கைக்கு வராதபோது ஆளுக்கொரு நகரத்தை விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். நிறுவனத்துக்குத் தனிப் பேருந்து, மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், தண்ணீருக்கு டேங்கர் லாரி, வாசலுக்குக் காவல். 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கென்று போட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் செயல்படத் தொடங்கியது. கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய மகாதேவபுரா வட்டாரம் அதுவரை பெரிதும் ஆழ்குழாய்க் கிணற்றையும் டேங்கரையும் நம்பியிருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கிணறுகள் வற்றியபோது, டேங்கர் தண்ணீருக்கு அரசே விலை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. கழிவுநீர் கலந்த பெல்லந்தூர் ஏரி 2018 ஜனவரியில் தீப்பற்றியது. அணைக்க ராணுவ வீரர்கள் வந்தார்கள். 2022 செப்டம்பர் மழையில் கோடீஸ்வரர் குடியிருப்புகளிலிருந்து மக்களை டிராக்டரில் ஏற்றி மீட்டார்கள். வசதி இருந்தால் தனிக் கிணறு தோண்டலாம். மழைநீரை வடிக்கும் ராஜகால்வாயைத் தனியாக வெட்ட முடியாது.

3. மன்றம் இல்லாத மாநகரம்

வரியை முடிவு செய்யவும் செலவைக் கேள்வி கேட்கவும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் வேண்டும். பெங்களூரில் 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்தாண்டுகள் அதிகாரிகளே நடத்தினார்கள். தேர்தல் நடத்தாமலேயே 2025இல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். பொதுச் செலவு பின்தங்கும் இடத்தில் கொடை வருகிறது. எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியைப் பாருங்கள். அது எழுபதுகளின் இறுதியில் உருவான தொழிற்பேட்டை. மெட்ரோ அங்கே போய்ச் சேர்ந்தது 2025 ஆகஸ்டில். அந்தப் பாதையில் ஒரு நிலையம் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் கொடையால் அமைந்து, அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொடை நல்லதுதான். ஆனால் எதற்குக் கொடுப்பது என்பது கொடுப்பவர் விருப்பம். வரிப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை ஊருக்கு உண்டு.

சான்பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2018இல் அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள். பெரிய நிறுவனங்களின் மொத்த வருவாய்மேல் கூடுதல் வரி போட்டு, வீடற்றவர்களுக்குச் செலவிட வாக்களித்தார்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் மார்க் பெனியாஃப் ஆதரித்தார். ட்விட்டரின் ஜாக் டார்சி எதிர்த்தார். அதனால் வீடற்றோர் துயரம் தீர்ந்துவிடவில்லை. என்றாலும் வழக்கை ஊரே விசாரித்து ஊரே தீர்ப்பளித்தது.

4. நமக்கு

தமிழ்நாட்டில் தொழில் வரி உள்ளாட்சிக்கே வருகிறது. கர்நாடகத்தைவிட இதில் நாம் ஒரு படி மேல். ஆனால் சென்னை மாநகராட்சியும் 2016 முதல் 2022 வரை மன்றம் இல்லாமல்தான் ஓடியது. பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. இனி கோவையிலோ ஓசூரிலோ ஒரு தொழில்நுட்பப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டும்போது எத்தனை வேலை வரும் என்று அமைச்சர் சொல்வார். அந்த வேலைகளால் மாநகராட்சிக்கு ஆண்டுக்கு எவ்வளவு வரும், அதை எங்கள் மன்றம் எதற்குச் செலவிடும் என்று நாம் கேட்க வேண்டும். கணக்கு வராவிட்டால் பெங்களூர் நடந்த வழியிலேயே நாமும் நடக்கிறோம் என்று அர்த்தம்.