விளக்கு அணையுமுன்



நீலகிரி மலையில் பைகாரா மின்நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அந்நாளில் நம் சிற்றூர் வீடுகள் அகல்விளக்கையும் அரிக்கேன் விளக்கையும் நம்பியே வாழ்ந்தன. மின்தடை என்ற சொல்லே அவர்களுக்குத் தெரியாது. கிணற்றிலே கயிறும் இராட்டினமும் இருந்தன. அடுக்களையிலே அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தன. இன்றோ, குழாயில் நீர் வருவதற்கும், மாவு அரைவதற்கும், கைப்பேசி பேசுவதற்கும், சில வீடுகளில் நோயாளி மூச்சு விடுவதற்குங்கூட மின்சாரம் வேண்டியிருக்கிறது. ஆதலின் மின்சாரம் நின்றால் விளக்கு மட்டுமா அணைகிறது? வீட்டின் கையும் காலும் அல்லவா கட்டுண்டுபோகின்றன!

மின்தடை மூவகைப்படும். பராமரிப்புப் பணிக்காக முன்கூட்டி அறிவித்து நிறுத்துவது ஒன்று. தேவைக்கு ஏற்ற மின்சாரம் இல்லாமையால் நிறுத்துவது மற்றொன்று. 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேலும் இதனை அனுபவித்தன. மூன்றாவது, புயலாலும் வெள்ளத்தாலும் நேர்வது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் காவிரிப் படுகையில் பல்லாயிரம் மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. அங்கு மக்களை முதலில் வருத்தியது இருளன்று, தண்ணீர்ப் பஞ்சமே. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஓடவில்லை. பின்னர் ஜெனரேட்டர்களைக் கொண்டு நீரேற்ற வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நாம் கற்கும் முதற்பாடம், முன்னேற்பாடு என்பது மெழுகுவத்தி வாங்கி வைப்பது மட்டுமன்று என்பதே. மின்சாரம் நின்றால் வீட்டில் யார் முதலில் துன்புறுவார்? இக்கேள்விக்கு விடை கண்டபின்பே எதை வாங்குவது, எங்கே வைப்பது என்று எண்ண வேண்டும். மாடிப்படி இறங்கும் பாட்டியா? கைக்குழந்தையா? தேர்வுக்குப் படிக்கும் தம்பியா? மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கும் தந்தையா? மின்விசையால் இயங்கும் கருவி கொண்டு பிராணவாயு பெறுவோர் இருப்பின், மாற்று ஏற்பாட்டை மருத்துவரிடம் முன்னமே கேட்டு வைத்தல் வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் தொட்டியையும் குடங்களையும் நிரப்புக. குடிநீரைத் தனியே மூடி வைக்க. கைப்பேசிக்கு முழுமையாக மின்னேற்றுக. முக்கியமான தொலைபேசி எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுக. கைப்பேசி உறங்கிவிட்டால் அதனுள் இருக்கும் எண்களும் உறங்கிவிடுமல்லவா? பேட்டரியால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்றும் இருக்கட்டும். வானொலியில் அமர்ந்துகொண்டு வானொலியைப் புகழ்கிறேன் என்று எண்ணாதீர்கள். கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றுப் போகும் வேளையிலும் அச்சிறு பெட்டி செய்தி சொல்லும்.

குளிர்பதனப் பெட்டியைத் திறவாதிருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அடிக்கடி திறந்து பார்ப்பது, சேமித்த குளிர்ச்சியைக் கொட்டிவிடுவதே ஆகும். இன்சுலின் மருந்துக்கு ஒரு வழி உண்டு. அகன்ற மண்பானையில் மணலிட்டு நனைத்து, அதன் நடுவே சிறு மண்கலயம் ஒன்றைப் பதித்து, அதனுள் மருந்தை நீர் புகாத உறையிலிட்டு மூடி நிழலில் வைக்கலாம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் என்று பாடநூலில் படித்தீர்களே, அந்த உண்மை இங்கே ஓர் உயிருக்குத் துணை நிற்கிறது.

இன்வெர்ட்டர் வைத்திருப்போர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று குறித்த பேட்டரியில் 1,800 வாட்-மணி ஆற்றல் அடங்கும். 75 வாட் மின்விசிறி இரண்டும், 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கும் சேர்ந்து 186 வாட். வகுத்தால் பத்து மணிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆயினும் மாற்றத்தில் ஆற்றல் வீணாகும். பேட்டரியை முற்றிலும் வடியவிடுவதும் தீது. ஆகவே ஐந்தாறு மணி என்று கொள்வதே அறிவுடைமை. ஒரு விசிறியை நிறுத்தினால் காலம் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு கூடும். நீரூற்றும் வகைப் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரே ஊற்ற வேண்டும். மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால், காற்றோட்டமான இடத்தில் அதனை வைத்து, தீயை அருகே கொண்டு செல்லாதிருக்க வேண்டும்.

இனி, உயிரைப் பறிக்கும் தவறுகள் சிலவற்றைச் சொல்வேன். எரிகின்ற விளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். மெழுகுவத்தியைக் கொசுவலைக்கும் திரைச்சீலைக்கும் அப்பால், நீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே அது கொன்றுவிடும். புயலுக்குப் பின் அறுந்து கிடக்கும் கம்பியை, மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடாதீர்கள்.

இன்னொரு தவறு, நாம் காணாத ஒருவரைக் கொல்லக்கூடியது. ஜெனரேட்டரின் கம்பியை வீட்டுச் சுவர்த் துளையில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் பெற முயல்வோர் உண்டு. மின்மாற்றி இருவழியும் வேலை செய்யும். தெருவிலிருந்து வீட்டுக்கு வருகையில் 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே மின்மாற்றி, வீட்டிலிருந்து தெருவுக்குச் செல்லும் மின்சாரத்தை உயர்த்திவிடும். கம்பத்தின் மேல் நமக்காகவே நனைந்துகொண்டு பணிபுரியும் தொழிலாளி என்ன ஆவார்? கஜா புயலின்போது அண்டை மாநிலங்களிலிருந்தும் அத்தகைய தொழிலாளர்கள் வந்து உழைத்தார்கள். தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்றுச் சுவிட்சு அமைத்த பின்னரே ஜெனரேட்டரை வீட்டு மின்சுற்றில் இணைக்க வேண்டும்.

மின்சாரம் நின்றவுடன் இஸ்திரிப் பெட்டி, மோட்டார் முதலியவற்றின் சுவிட்சுகளை அணைத்துவிடுக. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே சென்ற பின் மின்சாரம் திரும்பினால், துணிமேல் மறந்து வைத்த இஸ்திரிப் பெட்டியே தீ மூட்டிவிடும். ஒரே ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் விட்டு வைத்தால், மின்சாரம் வந்த செய்தியை அது சொல்லும்.

ஆசிரியனாக இருந்தவனுக்கு வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடைபெறத் தெரியாது. வரும் ஞாயிறு மாலை, பெரியவர்களின் இசைவு பெற்று, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரவு எட்டு மணி வரை அப்படியே இருந்து பாருங்கள். கைவிளக்கு குறித்த இடத்தில் இருக்கிறதா? அதன் பேட்டரி உயிருடன் இருக்கிறதா? பாட்டி எந்தப் படியில் தடுமாறுகிறார்? தண்ணீர் எவ்வளவு நேரம் வந்தது? கண்டவற்றையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, குறைகளை மறுநாளே நீக்குங்கள். இருளில் தேடுவதைப் பகலில் எடுத்து வைப்பதே முன்னேற்பாடு. அதனை முதலில் தடுமாறுகின்றவருக்காகச் செய்வதே அன்பு.