பிள்ளைகள் கதவைத் தட்டுவார்கள்

நம் குடியிருப்பில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் சிலர் இந்த செமஸ்டரில் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பேருந்து நிலையமும் தங்கும் விடுதியும் வரைகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. கிளாம்பாக்கமும் அழகுதான். 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது, எதிரிலேயே ரயில் ஓடியும் அங்கே ஸ்டேஷன் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சோடு மறுபடி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

நமக்கு ரயில் இருக்கிறது. ஆனால் இறங்கி சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிறவர் மழைக்கு எங்கே ஒதுங்குவார்? பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை அடி தூரத்தில்? இதைப் படம் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை கேள்வித்தாளோடு வருவார்கள், பத்து நிமிடம் கொடுங்கள். நைட் ஷிஃப்ட் போகிறவர்கள் அவசியம் பேசுங்கள். பிள்ளைகள் ஸ்டேஷனைப் பகலில்தான் பார்த்திருக்கிறார்கள்.