கை ஓய்ந்த பிறகு நமக்கு என்ன?

விவசாயத் தோழர்களே! அரசு ஊழியருக்கு ஓய்வு பெறத் தேதி உண்டு. நமக்குக் கை ஓயுற நாள்தான் ஓய்வு. ஏன் சேமிக்கலைன்னு கேக்குறாங்க. அறுவடைப் பணம் உரக்கடைக்கும் நகைக்கடன் வட்டிக்கும் போகுது. மிஞ்சினதில் மாடு வாங்கினோம்; அதையும் மகள் கல்யாணத்துக்கு வித்தோம்.

2019-இல் மத்திய அரசு கிசான் மான்தன் திட்டம் கொண்டு வந்தது. வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் நாம் கட்டினால் அரசும் அதே அளவு போடும். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய். நல்லதுதான், நம்ம பிள்ளைகள் சேரட்டும். ஆனால் 40 வயது தாண்டியவர் சேர முடியாது. பட்டாவில் பேர் இல்லாத குத்தகைக்காரருக்கும் இடமில்லை. 18 வயசுப் பையன் சேர்ந்தால் 42 வருஷம் கழிச்சுக் கிடைப்பதும் அதே 3,000. அன்னிக்கு அது அரிசிக்குக் காணுமா?

வயது வரம்பை நீக்கு! குத்தகை விவசாயியைச் சேர்! விலைவாசிக்கேற்ப பென்ஷனை உயர்த்து! இதைக் கேட்டுத்தான் தாலுகா அலுவலகம் முன்பு உட்காரப் போகிறோம். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிட்டு வாங்க.