கோடு விழுந்த வானம்

(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் வேலையைச் சொன்னால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். ராத்திரி முழுக்க இருட்டைப் படம் எடுக்கும் கேமராவைப் பராமரிப்பதுதான் என் வேலை!

ஆனா, அமாவாசை வானமும் முழு இருட்டு இல்லை. பகலில் சூரிய ஒளி உடைத்துப் போட்ட ஆக்சிஜன் அணுக்கள் இரவில் மறுபடி சேரும்போது மங்கலாக ஒளி வரும். சுமார் 97 கி.மீ. உயரத்தில் பச்சை, 87 கி.மீ. உயரத்தில் ஹைட்ராக்சில் தரும் அகச்சிவப்பு. இதுதான் வானொளிர்வு.

கீழே இடிமேகம் பொங்கினாலோ, மலையில் காற்று மோதினாலோ, மேலே தள்ளப்பட்ட காற்றைப் புவியீர்ப்பு கீழே இழுக்கும். தண்ணீரில் அமுக்கி விட்ட தக்கை போல அது மேலும் கீழும் ஆடும். இதுதான் புவியீர்ப்பு அலை. ஐன்ஸ்டீன் சொன்ன ஈர்ப்பலை வேறு, குழப்பிக்காதீங்க. மேலே போகப் போகக் காற்று லேசாவதால் அலை பெருக்கும். ஒளிரும் படலத்தை அது தொட்டால் வெளிச்சமும் நிழலுமாகக் கோடுகள் விழும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் படமெல்லாம் கோடு கோடாக வந்தது. வடிகட்டியில் கோளாறு என்று முடிவு கட்டி அந்த இரவின் படங்களை அழித்துவிட்டேன். மறுநாளும் அதே கோடுகள். கேமராவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூத்தவர் ஒருவர் வந்தார். "தம்பி, ஒண்ணொண்ணாப் பாக்காதே. வரிசையா ஓட்டிப் பாரு" என்றார்.

ஓட்டினேன். நட்சத்திரங்கள் ஒரு பக்கம் போக, கோடுகள் அணிவகுத்து வேறு பக்கம் போயின. வடிகட்டிக் கோளாறு என்றால் இருந்த இடத்திலேயே அல்லவா இருக்கும்? நான் அழித்தது கோளாறை அல்ல, அலையை! மேகமும் நிலவும் இல்லாத இரவு மாதத்தில் சில நாள்தான். போனது போனதுதான்.

இந்த அலைகள் மேலே போய் உடைந்து காற்றோட்டத்தையே மாற்றுகின்றன. அதனால்தான் துருவத்தில் சுமார் 85 கி.மீ. உயரத்தில் குளிர்காலத்தைவிடக் கோடையில் குளிர் அதிகம். 2023 நவம்பரில் நாசா இவற்றைப் பார்க்கவே ஒரு கருவியை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. நம்ம திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 2007-லேயே இந்த அலைகளைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, லேபில் ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் உடனே அடித்துவிடாதீர்கள். நோட்டில் அப்படியே இருக்கட்டும். இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.