பாடம் நம்மகிட்ட கேள்வி கேட்கணும்

நான் மம்சாபுரம், பத்தாவது வரை படிச்சவள். செல்போன் வழியா நாம எப்படிப் படிக்கலாம்னு பேசச் சொன்னாங்க.

தேனி மாவட்டத்துல நம்மள மாதிரிப் பெண்கள் இதை முன்னாடியே செஞ்சிருக்காங்க. 2008-ஆம் ஆண்டை ஒட்டி, விடியல் அமைப்பைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் ஆடு வளர்க்க பேங்க் கடன் வாங்கினாங்க. செல்போனும் அந்தக் கடன்லயே வாங்கினாங்க. ஆடு வளர்ப்புப் பாடம் சின்னச் சின்னக் குரல் செய்தியா போனுக்கு வந்தது. கனடாவில் இருக்கும் காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் துணை நின்னது. காதால கேட்டே படிக்கலாம்னு அவங்க காட்டிட்டாங்க.

நாம இன்னும் ஒரு படி மேலே போகணும். "பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க"ன்னு எத்தனை கூட்டத்துல கேட்டிருக்கோம்! ஆனா ஏமாத்துறவன் பல நேரம் பின் நம்பரைச் சொல்லுன்னு கேட்கிறதில்ல. இப்படித்தான் பேசுவான்:

"அக்கா, மதுரையில இருந்து பேசுறேன். விசேஷத்துக்குப் பத்து கிலோ பால்கோவா வேணும். அட்வான்ஸ் 2,000 ரூபாய் அனுப்புறேன். நான் அனுப்புற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, உங்க பின்னைப் போடுங்க, பணம் வந்துடும்."

பாடம் இங்கே நிக்கணும். நீங்க என்ன செய்வீங்க? ஒண்ணு, ஆர்டர் போயிடுமேன்னு ஸ்கேன் பண்றது. ரெண்டு, மகன்கிட்ட கொடுத்துப் பண்ணச் சொல்றது. மூணு, "என் நம்பருக்கு நேரா போடுங்க"ன்னு சொல்றது.

முதல் ரெண்டைச் சொன்னா, "தப்பு"ன்னு மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது. 2,000 ரூபாய் குறைஞ்ச மெசேஜ் வந்த சத்தம் கேட்கணும். பணம் வாங்க பின் தேவையே இல்ல, பின் போட்டா பணம் போகும்னு அப்பதான் மனசுல பதியும். பிறகு அடுத்த கேள்வி: இப்ப யாருக்குச் சொல்லணும்? உடனே 1930-க்கு போன் போடணும், பேங்குக்கும் சொல்லணும்.

பாடத்துல போற பணம் யார் பணமும் இல்ல. நிஜத்துல போனா, அது நாம குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை.

இதை நாமளே செய்யலாம். ஒவ்வொரு குழுவும் பேர் சொல்லாம ஒரு நடந்த சம்பவம் கொடுங்க. நம்ம பேச்சுலயே மூணு நிமிஷம் பதிவு பண்ணுவோம். தப்பான பதிலும் நிஜத்துல ஒருத்தர் செய்யக்கூடியதா இருக்கணும். இல்லேன்னா யோசிக்க மாட்டோம். வாட்ஸ்ஆப்ல முதல் நாள் கேள்வி, குழுவா உட்கார்ந்து வாதாடுவோம். மறுநாள் மூணு பதிலுக்கும் என்ன ஆச்சுன்னு கேட்போம்.

வர்ற கூட்டத்துக்குள்ள உங்க குழு சம்பவத்தைக் கொடுங்க.