முதிர்ந்த வெள்ளைத் தேறல்



தேறல் என்னும் சொல்லைப் புலவர் அவையில் விளக்க வேண்டுவதில்லை. மூங்கிற் குழாயில் நெடுநாள் இருந்து விளைந்த தேறலைத் திருமுருகாற்றுப்படை பேசுகிறது; யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் பேசுகிறது. நாள் ஏற ஏறச் சுவை ஏறும் என்பது தமிழர் பண்டே அறிந்த செய்தி. அந்த யவனர் திசையிலோ, நாட்பட வைக்கத் தக்கது சிவப்பு ஒயின் மட்டுமே, வெள்ளையை வாங்கிய கையோடு அருந்திவிட வேண்டும் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. பெரும்பாலான வெள்ளை ஒயின்களுக்கு அது பொருந்தவும் செய்யும். விலக்கானவை சில உண்டு. கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் குளிர்கால விருந்துகளுக்கென நிலவறையிலிருந்து மேலே ஏறி வருபவை அவையே.

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங், தன் புளிப்பின் வலிமையால் இருபது முப்பது ஆண்டுகள் தாங்கும். பிரான்சின் பர்கண்டி வெள்ளைக்கும் அப்பெயர் இருந்தது. 1990களின் நடுவில் விளைந்தவை அந்நம்பிக்கையைக் குலைத்தன. ஏழெட்டு ஆண்டுகளுக்குள்ளாகவே பல குப்பிகள் பழுப்பேறிச் சுவை கெட்டன. தக்கையின் குறையா, பிழிந்த முறையா, கந்தகம் குறைந்ததா என்ற வழக்கு எளிதில் தீரவில்லை. காற்றுப் புகுந்துவிட்டது என்பதில் மட்டும் ஐயமில்லை.

பர்கண்டிக்குக் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலைச்சாரலில், அதே காற்றைத் துணையாகக் கொண்டு ஓர் ஒயின் ஆக்கப்படுகிறது. ‘வேன் ஜோன்’, அதாவது மஞ்சள் ஒயின், என்பது அதன் பெயர். சவானியன் என்னும் வெள்ளைத் திராட்சையின் சாறு நொதித்தபின் மரப்பீப்பாயில் இடப்படுகிறது. ஆவியாகிக் குறையும் அளவைப் பிற ஊர்களில் அவ்வப்போது ஊற்றி நிரப்புவர், இங்கே நிரப்புவதில்லை. வெற்றிடத்தின் அடியில், ஒயினின் மேற்பரப்பில், நொதிகள் கூடி மெல்லிய திரையாகப் படர்கின்றன. காற்று முழுதும் தாக்காதபடி காப்பதும் சுவையை ஆக்குவதும் அத்திரையே. அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15 வரை அது பீப்பாயிலேயே கிடக்க வேண்டும் என்பது சட்டம். இவ்விலக்கிய வட்டம் தோன்றிய ஆண்டில் பீப்பாய் புகுந்த ஒயின், இப்போது குப்பியில் அமர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருக்கும்.

அதன் மணத்துக்குத் தலையாய காரணம் சோட்டோலான் என்னும் சேர்மம். வெந்தயத்துக்கு மணம் தருவதும் அதுவே. பிரெஞ்சு வல்லுநர் அக்ரூட் என்றும் கறிப்பொடி என்றும் சொல் தேடித் திணறுமிடத்தில், தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த மூக்குக்கு அது பழகிய மணம்.

ஆறாண்டுக் காத்திருப்பு எல்லாப் பீப்பாய்க்கும் பலிப்பதில்லை. திரை படராமற் போவதும், உள்ளிருப்பது காடியாக மாறுவதும் உண்டு. ஆகவே உழவர் இடையிடையே எடுத்துச் சோதித்து, தேறாததை வேறு ஒயினாக விலக்கிவிடுகிறார். இவ்வகைக்குப் பெயர்பெற்ற ஷாத்தோ-ஷாலோன் என்னும் சிற்றூரில் கண்டிப்பு இன்னும் மிகுதி. அறுவடைக்கு முன்பே ஒரு குழு தோட்டந்தோறும் சென்று கனியைப் பார்க்கிறது. 1974, 1980, 1984, 2001 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவ்வூர்ப் பெயரில் ஒயினே வெளிவரவில்லை. விளைந்தது தங்கள் பெயருக்குத் தகாது என்று உழவரே முடிவு செய்தனர். ஓர் ஆண்டின் வருவாயைத் தாமே குறைத்துக்கொள்ள எளிய நெஞ்சம் போதாது.

இதன் குப்பி 62 சென்டிலிட்டர் கொள்ளும், கிளாவலேன் என்பர். ஒரு லிட்டரில் ஆறாண்டுக்குப் பின் எஞ்சுவது அவ்வளவே என்பது மரபு. விருந்து நாளில் சில மணி நேரம் முன்னரே திறந்துவைக்க வேண்டும். பனிக்கட்டியில் குளிர்வித்தால் மணம் ஒடுங்கிவிடும். 15 பாகை அளவே தகும். பிரெஸ் ஊர்க் கோழியும் மொரேல் காளானும் பாலேடு சேர்ந்த குழம்பில் இவ்வொயினையே ஊற்றிச் சமைப்பர். அருகில் முதிர்ந்த கோந்தே பாலாடைக்கட்டி இருக்கும். முதல் மிடறு பலர்க்கும் ஏமாற்றமே. இனிப்பை எதிர்பார்த்த நாவுக்கு அது வறண்டு கடுமையாகத் தோன்றும். கோழியோடு வரும் இரண்டாம் மிடற்றில்தான் பொருள் விளங்கும். கிறிஸ்துமஸில் திறந்த குப்பியின் மிச்சம் புத்தாண்டிலும் குன்றாது. காற்றோடு பழகிய பொருள் அது.

எவ்வளவு காலம் தாங்கும்? 1774ஆம் ஆண்டின் குப்பியொன்றை 1994இல் வல்லுநர் சுவைத்துப் பாராட்டினர். அதே ஆண்டின் மற்றொரு குப்பி 2018இல் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. விலை வியப்பளிக்கலாம், பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னே பிழிந்த சாறு இருநூற்றிருபது ஆண்டுக்குப் பின்னும் பருகத் தக்கதாய் இருந்தது அதனினும் வியப்பு.

2021 ஏப்ரலில் ஜூராவின் கொடிகளை உறைபனி கருக்கியது. அவ்வாண்டின் விளைச்சல் மிகச் சிறிது. அதிலிருந்து பீப்பாய் புகுந்த மஞ்சள் ஒயின், விதிப்படி 2027 டிசம்பர் 15க்கு முன் குப்பியைக் காணாது.